மாசி மகத்துக்கு முந்தின நாள் போட்ட நீல வட்டம்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போன வாரம், பாப்பா, நீ கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம், "மொத நாளே வீடு வீடாப் போயி சரிபார்க்கிற லிஸ்ட்டக் கையில குடுத்துட்டாங்கப்பா. டிக் அடிக்கிற வேலதானே, ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்" என்று சொன்னாய். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று தம்பி பின்னாலேயே வந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் டிக் அடித்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது.

தம்பி வருவாய்த் துறைக்குப் போகப் போகிறான். இரண்டு பேர் கையிலும் பட்டியல் இருக்கப் போகிறது. நான் பத்தாவது வரை படித்தவன். வரிசையாக எழுத வராது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு பியூனாகி, பிறகு எழுத்தர் ஆனவன். எழுத்தராக நிரந்தரம் ஆகி ஒன்பது மாதம் இருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்றார்கள். நம் புதுச்சேரியில் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தத் தேர்தலே நடக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து பஞ்சாயத்துக்கு மெம்பர் என்று ஒருவர் இருந்ததில்லை. எல்லாம் அதிகாரிகள்தான். வார்டு மெம்பர் என்றால் என்ன செய்வார் என்று அலுவலகத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் ஊரெல்லாம் ஒரே பரபரப்பு.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க எனக்கு ஒரு கிராமம் கொடுத்தார்கள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. டவுனிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான். அந்தக் கிராமத்தின் கடைசித் தெருவைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. பதினான்கு வீடு. ஏரியில் மீன் பிடிப்பார்கள், கூப்பிட்டால் பாம்பு பிடிக்கப் போவார்கள், சவுக்குத் தோப்புக்குக் காவல் இருப்பார்கள், செங்கல் சூளைக்குப் போவார்கள். பஞ்சாயத்துக் குழாய் கடைசித் தெரு முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து குடியிருப்புக்கு இருநூறு அடி வைத்து நடக்க வேண்டும். அந்த இருநூறு அடிக்குக் குழாயை நீட்டச் சொல்லி அவர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் பியூனாக இருந்த காலத்தில் அந்த மனுக்களை வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே இருக்கும் இருளர்களுக்குப் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கிடைக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நம் எல்லையில் இருந்தவர்களுக்கு அப்போது கிடைக்காது. இங்கே பழங்குடி என்று ஒரு பட்டியலே கிடையாது. பட்டியல் டெல்லியில்தான் போட வேண்டும். அண்ணன் பழங்குடி, தம்பி இல்லை. கேட்டால் சிரிப்பாக இருக்கும், அவர்களுக்குச் சிரிப்பாக இல்லை. பட்டியலே இல்லை என்றால் தனி வார்டும் இல்லை. அவர்களில் ஒருவர் மெம்பர் ஆக வேண்டுமென்றால் பொதுவாக எல்லாரோடும் நின்றுதான் ஜெயிக்க வேண்டும்.

சரிபார்த்த பட்டியலை மாசி மக விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். மகத்துக்கு முந்தின நாள் காலைக்குள் கிராமத்தை முடித்திருந்தேன். ஏரிக்கரை மட்டும் பாக்கி. மகத்தன்று உங்கள் இரண்டு பேரையும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நினைவிருக்கிறதா? பாப்பாவுக்கு ஏழு வயசு, தம்பிக்கு ஐந்து. அதனால் அந்த வேலையை முந்தின நாளே முடித்துவிட வேண்டும் என்று மத்தியான வெயிலில் டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பதினான்கு வீடும் பூட்டிக்கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. கடைசித் தெருவில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டேன்.

"காலையிலயே மினி லாரி வெச்சிக்கினு கும்பலாப் போனாங்க சார். சட்டி பானையெல்லாம் ஏத்திக்கினு போனாங்க."

"எங்க போனாங்க?"

"யாரு கேட்டா? அவங்க போவாங்க, வருவாங்க."

திரும்பிவந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். பாப்பா, இந்த இடத்தைக் கவனித்துப் படி. ஒரு வீட்டு வாசலில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதற்குள்ளே ஒரு கோழியும் குஞ்சுகளும். உள்ளேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், கொஞ்சம் நொய். கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கோழியை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள் என்பதற்குப் பத்தாவது படிப்புக்கூட வேண்டாம்.

ஆனால் எனக்கு நேரம் இல்லை. ஆள் குடிபெயர்ந்து போன வீட்டுக் கதவில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்துப் பழக்கம். கையில் நீல மெழுகுப் பென்சில் இருந்தது. பதினான்கு கதவிலும் போட்டேன். மழை பெய்தாலும் போகாது அது.

அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் தலைமை எழுத்தர் பழைய பிரெஞ்சுக் காலத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கொம்யூன் அலுவலகத்தைக் கடைசி வரைக்கும் 'மேரி' என்று பிரெஞ்சில்தான் சொல்வார். எல்லாரையும் 'முசியே' என்றுதான், அதாவது ஐயா என்று, கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. எனக்கு நோட் எழுதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"ஒரு தடவைதான் போனேன் சார். விதியில மூணு தடவை போவணும்னு இருக்கே" என்றேன்.

"முசியே, மேரியில நான் இருந்த இத்தினி வருஷத்துல மூணு தடவ போனவன் ஒருத்தனக் காட்டு. இதுக்குன்னு ஒரு வாசகம் இருக்கு, எழுதிக்கோ."

அந்த வாசகம் இது: 'மூன்று வெவ்வேறு நாட்களில் நேரில் சென்றும் எவரும் காணப்படவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் குடிபெயர்ந்துவிட்டதாகத் தெரியவருகிறது.' பதினான்கு வீட்டுக்கும் இதையே எழுதினேன். மூன்று தேதி போட வேண்டுமே, அதையும் நானே போட்டேன். அழகான கையெழுத்து என்று அவர் பாராட்டினார்.

மறுநாள் நாம் கடற்கரைக்குப் போனோம். சாமிகள் வரிசையாக வந்து கடலைப் பார்த்து நின்றன. தம்பி என் தோளில் உட்கார்ந்துகொண்டு என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாப்பாவுக்கு ஒரு காற்றாடி வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமான நாள் அது. அதை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு கடற்கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அந்தக் காற்றாடி என் நினைவுக்கு வரும்போதெல்லாம் கூடவே அந்தக் கோழியும் வரும்.

மூன்று மாதம் ஆயிற்று. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். வேட்புமனு வாங்கும் அதிகாரிக்கு உதவியாக என்னை உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி சின்ன வயசு, பொறுமையாகப் பேசுகிறவர். காலை பதினொரு மணிக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் கன்னியம்மா. நாற்பது வயசு இருக்கும். மனு எடுத்துக்கொண்டு வருகிறவர் எப்போதும் அவர்தான் என்பதால் முகம் தெரியும். அப்போதெல்லாம் நான் அவரை "வாம்மா, போம்மா" என்றுதான் பேசுவேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

படிவத்தைப் பூர்த்தி செய்து கொண்டுவந்திருந்தார். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். ஒரு முறை, இன்னொரு முறை.

"உங்க பேரு இதுல இல்லையேம்மா."

"இருக்கும் சார். போன எம்.பி. எலெக்சன்ல ஓட்டுப் போட்டேனே. நல்லாப் பாருங்க."

"உங்க வீட்டுல யாரு பேரும் இல்ல. உங்க குடியிருப்பே இல்ல."

வரிசையில் நின்றுகொண்டிருந்த கடைசித் தெருக்காரர் ஒருவர் சிரித்தார். அவர் தம்பியும் அந்த வார்டுக்குத்தான் நிற்கிறார். "ஏம்மா, ஊர்லயே இல்லாத ஆளு மெம்பராயி என்னா பண்ணப் போற?"

கன்னியம்மா திரும்பினார். "ஊர்ல இல்லாமதான் முந்தாநேத்து உன் வூட்டுக் கொல்லையில பாம்பு பூந்தப்போ என் வூட்டுக்காரரைக் கைய புடிச்சி இஸ்துக்கினு போனியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க ஊர்ல நீங்க நிக்கிறதுன்னு யாரு முடிவு பண்ணாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"மாசி மகத்துக்கு நாங்க எல்லாரும் மாமல்லபுரம் கடக்கரைக்குப் போவோம் சார். எங்க கன்னிமார் சாமி அங்கதான். நம்ம சனங்க எங்கெங்க இருந்தாலும் வந்துடுவாங்க. சேலையக் கட்டிக் கூடாரம் போட்டுக்கினு தங்குவோம். கல்யாணம் பேசறது, சண்டையத் தீக்கறது எல்லாம் அந்த மணல்லதான். இந்தத் தபா எலெக்சனு வருதுன்னு எங்க பதினாலு வூடும் தனியா உக்காந்து பேசினோம். என்னையத்தான் சொன்னாங்க. யாருக்காச்சும் மனசுல ஒண்ணு இருந்தா இப்பவே சொல்லிடுங்கன்னு மூணு தபா கேட்டாங்க. ஒருத்தரும் வேணான்னு சொல்லல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். நான் மூன்று தடவை போனதாக எழுதியிருக்கிறேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "இந்தப் பகுதிய நீங்கதானே சரிபார்த்தீங்க? மூணு தடவை போனதா இருக்கு. நிஜமாப் போனீங்களா? போகலைன்னா சொல்லிடுங்க. இப்பவே மேல ஃபோன் பண்ணி, எழுதிக் கேக்கறேன். மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. பேரைச் சேத்துட்டா மனுவ வாங்கிக்கலாம்."

பாப்பா, தம்பி, நம் வேலையில் தப்பு நடக்கும். அவசரத்தில் நடக்கும், சோம்பலில் நடக்கும். ஆனால் அதைத் திருத்த இப்படி ஒரு நேரத்தை யாரும் கையில் கொடுப்பது அபூர்வம். எனக்குக் கொடுத்தார்கள். முழுசாக நான்கு மணி நேரம்.

நிரந்தரம் ஆகி ஒரு வருடம். பொய்த் தேதி போட்டது தெரிந்தால் சஸ்பெண்டு. உங்கள் இரண்டு பேர் முகமும் அம்மா முகமும் வந்து நின்றது. இதை உங்கள் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. நான் உங்களைக் காரணமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"போனேன் சார்" என்றேன்.

அதிகாரி பட்டியலை மூடினார். பிறகு கன்னியம்மாவிடம், "பட்டியல்ல பேரு இல்லாம மனு வாங்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார்.

கன்னியம்மா ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். அது செல்லாது என்றார்கள். கூட வந்த ஒரு கிழவர், "பட்டியலு எழுத யாராச்சும் வந்திருப்பாங்க. நம்மளாண்ட வராத மாதிரி வந்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று மணி வரை வெளியே வேப்ப மரத்தடியிலேயே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது பின்பக்க வழியாகப் போனேன். மூன்று மணிக்கு அதிகாரி பேனாவை மூடினார். அவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசித் தெருக்காரரின் தம்பி ஜெயித்தார். அவர் வீட்டு வாசல் வரை குழாய் புதிதாக வந்தது. இருநூறு அடி அப்படியே இருந்தது.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து, பெயர் சேர்க்கிற படிவங்களை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானேதான் கேட்டுப் போனேன். பதினான்கு வீட்டிலும் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதினேன். அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்தேன். கன்னியம்மா வீட்டுக்கு வந்தபோது கதவைப் பார்த்தேன். தகரக் கதவு. ஆடி மாதத்துக்காகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். என்னுடைய நீல வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து அடித்திருந்தார்கள்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இது உங்க ஆபீசு குறிதான சார்? நாங்க கடக்கரையில இருந்து வந்தப்போ எல்லா கதவுலயும் இருந்திச்சி. கவர்மெண்டு எழுதினது, அழிக்கக் கூடாதுன்னு புள்ளைங்களக்கூடத் தொட விடல. எங்கள எண்ணிட்டாங்கன்னுதான அர்த்தம்?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்பறம் ஏன் சார் பேரு இல்லாமப் போச்சி?"

"மேல ஏதாவது தப்பு நடந்திருக்கும்."

"மேலன்னா? டெல்லியிலயா?"

நான் தலையை ஆட்டினேன். எல்லாவற்றுக்கும் டெல்லி ஒரு வசதியான இடம். சான்றிதழ் இல்லையென்றால் டெல்லி, பட்டியல் இல்லையென்றால் டெல்லி. அவர்களும் கேட்டுப் பழகியவர்கள், கன்னியம்மா நம்பினார்.

"டெல்லிக்காரங்களுக்கு எங்களப் பத்தி என்னா சார் தெரியும், பாவம். பாத்திருந்தாத்தான. நீங்க இங்க இருக்கிறவரு, நாலு நல்ல வார்த்த எழுதிப் போடுங்க" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குடித்தேன்.

அடுத்த தேர்தலில் நிற்கட்டும், அப்போது நானே மனு எழுதிக் கொடுக்கிறேன், கூடவே நிற்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த தேர்தல் வரவே இல்லை. ஐந்து வருடம் முடிந்தது, பழையபடி அதிகாரிகள் கைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் நம் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவர்களைப் பழங்குடி என்று சேர்த்து டெல்லியிலிருந்து உத்தரவு வந்ததும் வெகு நாள் கழித்துத்தான். டெல்லி தாமதமாகவாவது எழுதியது. நான் எழுதிய அந்த வாசகத்தை யாரும் மாற்றி எழுத முடியவில்லை. அந்தக் கிராமத்துக்கு வந்த ஒரே பஞ்சாயத்துத் தேர்தலில், ஒரு கடற்கரையில் உட்கார்ந்து யாருக்கும் மனக்குறை இல்லாமல் தேர்ந்தெடுத்த ஒரே ஆளை, நான் ஒரு மெழுகுப் பென்சிலால் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

தலைமை எழுத்தரிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசகம் நான் குடுத்தது, முசியே. தேதி நீ போட்டது" என்றார். கோபத்தில் சொன்னதாக அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் நியாயமாகப் பங்கு பிரித்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

பாப்பா, உன் அலுவலகத்திலும் யாராவது உனக்கு ஒரு வாசகம் கொடுப்பார்கள். அன்பாகத்தான் கொடுப்பார்கள். நீ பார்க்காததை அது பார்த்ததாகச் சொல்லுமானால் கையெழுத்துப் போடாதே. ஒருவேளை போட்டுவிட்டாய் என்றால், பெயர் விட்டுப்போனவர் எதிரே நிற்க, யாராவது உன்னைக் கேட்கும்போது, மூன்று மணி ஆவதற்குள் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இதை உங்களுக்குச் சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கன்னியம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

மறு வருடம் மாசி மகத்துக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போட்டேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்றேன். ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெயும் ஒரு பழைய பனியனும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நினைத்தபடியே பதினான்கு வீடும் பூட்டியிருந்தது. இந்த முறை யாரையும் விசாரிக்கவில்லை, எங்கே போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போது வந்து அழிக்க எனக்குத் தைரியம் இல்லை. பனியனை நனைத்து ஒவ்வொரு கதவாகத் துடைத்தேன். மெழுகு சீக்கிரம் போகவில்லை. கன்னியம்மா வீட்டுக் கதவில் வட்டம் போன பிறகும் பச்சைக்கு நடுவில் பெயிண்ட் இல்லாத தகரம் வட்டமாகவே தெரிந்தது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வாசலில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே கோழி. கிண்ணம் சாய்ந்து தண்ணீர் கொட்டிப்போயிருந்தது. கையைச் சோப்பில்லாமல் மண்ணில் தேய்த்துத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைசித் தெருக் குழாய்க்கு நடந்தேன். கழுவி, நிரப்பிக்கொண்டு, சிந்தாமல் மெதுவாகத் திரும்பி நடந்தேன். கூடை விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக் கிண்ணத்தை உள்ளே தள்ளி வைத்தேன். கோழி முதலில் பயந்து ஒதுங்கியது. அது வந்து குடிக்கும் வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தேன்.